ஒரு குழந்தையும் இரண்டு ஒப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இலக்கியச் சொற்பொழிவு ஒன்று இருத்தல் வேண்டும் என்பது நம் சங்கத்தின் மரபு. சிலப்பதிகாரத்தில் ஒரு காதையை எடுத்துக்கொண்டு பேசலாம் என்றே யானும் எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற திங்கள் ஒருநாள் மாலை, நம் காலனியைச் சேர்ந்த ஓர் அம்மையார் என் இல்லத்திற்கு வந்தார். கணவரும் அவரும் ஈராண்டாகப் பிரிந்து வாழ்கின்றனர். "ஐயா, அண்ணன் வெளிநாட்டுக்கு அழைக்கிறார். பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். கையெழுத்து இல்லாமல் போக வழி உண்டா?" என்று கேட்டார். அவ்வாரமே இன்னொரு வீட்டுத் தந்தை, "என் பிள்ளையை எனக்குத் தெரியாமல் கடல் கடந்து கொண்டு போய்விடுவார்களோ?" என்று தொலைபேசியில் கலங்கினார். ஒரே காலனியில், ஒரே வாரத்தில், ஒரே கேள்வியின் இரு பக்கங்கள்! சிலம்பை அடுத்த ஆண்டுக்கு ஒத்தி வைத்துவிட்டு, இதனைப் பற்றியே பேசுவது என்று அன்று முடிவு செய்தேன். விழாவில் இத்தகைய பேச்சு தகுமோ என்று சிலர் ஐயுறலாம். குடும்பங்கள் கூடியிருக்கும் இடத்தில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

யான் வழக்கறிஞன் அல்லன். பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆயினும் இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. அவ்வுரிமை யான் செய்த ஒரு பிழையினால் வந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

என் ஊர் பொழியூர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடிக் கடற்கரை ஊர் அது. பொழி என்றால் ஆறு கடலோடு கலக்கும் வாய். எங்களுக்குச் சற்று வடக்கே பூவாற்றில் நெய்யாறு கடலில் விழுகின்றது. அங்கே நிற்பவனுக்கு எதுவரை ஆற்று நீர், எதுமுதல் கடல் நீர் என்று கோடு கிழித்துக் காட்ட இயலாது. ஆனால் எங்கள் ஊருக்குத் தெற்கே ஒரு கோடு உண்டு. அதனைத் தாண்டினால் நீரோடி, கொல்லங்கோடு. அது கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் முதல் நாள் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்நாள் கிளர்ச்சியும், 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூடும் உங்களில் மூத்தோர் கேட்டறிந்தவை. கோடு விழுந்தது, ஆனால் உறவு அறுபடவில்லை. அண்ணன் இப்புறம், தங்கை அப்புறம். பெண் எடுத்த வீடு நீரோடியில், கொடுத்த வீடு பொழியூரில். கோயில் திருவிழாவுக்குப் போய் வருவது போலக் குழந்தைகள் மாநிலம் விட்டு மாநிலம் ஓடி விளையாடும்.

எங்கள் பேச்சும் அப்படியே கலந்தது. கையெழுத்து என்பதை நாங்கள் 'ஒப்பு' என்போம். மலையாளத்தோடு பழகியதால் வந்த வழக்கு அது. செந்தமிழிலோ ஒப்பு என்றால் இசைவு, உடன்பாடு. ஒப்புப் போடுதல் என்று நாங்கள் சொல்லும்போது கை எழுதுவதும் மனம் இசைவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. யான் இன்று பேசப்போவதெல்லாம் அவ்விரண்டும் ஒன்றாகாமல் போகும்போது விளையும் துன்பத்தைப் பற்றித்தான்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி. அவன் பொழியூர், அவள் நீரோடி. இருவரும் மணந்தனர். எங்கள் கரையிலிருந்து பலர் செல்வது போல அவனும் வளைகுடா நாட்டில் ஒரு படகு முதலாளியிடம் மீன்பிடி வேலைக்குப் போனான். ஆண்டுக்கொரு முறை விடுமுறை. அவள் செவிலியர் படிப்பு முடித்தவள். ஒரு பெண் குழந்தை. பின்னர் மனவேற்றுமை வந்தது. காரணத்தை யான் ஆராயவில்லை. நீங்களும் கேட்க வேண்டா. அடிதடி இல்லை, குடி இல்லை. தொலைவு இருந்தது, அவ்வளவே. மணமுறிவு வழக்கு எதுவும் இல்லாமலே பிரிந்து வாழ்ந்தனர். குழந்தை பொழியூரில் அப்பாவின் தாயோடு இருந்து பள்ளிக்குப் போகும். சனி ஞாயிறுகளில் நீரோடியில் அம்மையோடு இருக்கும். நடந்தே போய் வரும் தொலைவு.

அந்த நிலையில் அவளுக்கு இங்கிலாந்தில் செவிலியர் வேலை கிடைத்தது. குழந்தைக்கு அப்போது வயது ஒன்பது. அவளை உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்றாள். முதலில் பாஸ்போர்ட் வேண்டும். பின்னர் விசா வேண்டும். இரண்டிற்கும் தந்தையின் ஒப்புக் கேட்டார்கள். அவன் போட மறுத்தான்.

இருவரும் என்னிடமே வந்தனர். அவன் கடல் கடந்து தொலைபேசியில் சொன்னான்: "சாரே, எனக்கு வருடத்தில் இரண்டு மாதம்தான் ஊர். அந்த இரண்டு மாதத்துக்குத்தான் பத்து மாதம் வலை இழுக்கிறேன். நான் ஒப்புப் போட்டால் பிள்ளை போய்விடும். போன பிள்ளை திரும்பி வராவிட்டால் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பேன்?" அவளோ என் திண்ணையில் அமர்ந்து சொன்னாள்: "சாரே, பெற்ற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக நான் ஒருவர் காலில் விழ வேண்டுமா? விட்டுவிட்டுப் போனால் அவள் என்னை மறந்துவிடமாட்டாளா?"

அரசன் சாலமன் முன் இரண்டு பெண்கள் ஒரு குழந்தைக்காக வழக்காடிய கதையை எங்கள் கடற்கரையில் அறியாதார் இல்லை. வாளை எடு என்றான் அரசன். பொய்த்தாய் யார் என்பது வெளிப்பட்டது. ஆனால் என் திண்ணைக்கு வந்த வழக்கில் பொய் சொன்னவர் எவரும் இலர். அவன் அச்சமும் மெய். அவள் அச்சமும் மெய். வாளை எடுத்து யாரைக் கண்டறிவது?

நண்பர்களே! இங்கே சட்டம் யாது கூறுகின்றது என்பதைச் சிறிது காண்போம்.

வெளிநாடு செல்லுதல் ஒருவனுடைய தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 1967ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக அவ்வாண்டிலேயே கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. 1980ஆம் ஆண்டின் விதிகள் அதற்குத் துணை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குக் கடவுச்சீட்டு வேண்டுமாயின், பெற்றோர் இருவரும் இசைந்து 'டி' இணைப்பு என்னும் உறுதிமொழியில் கையெழுத்திடுவது பொது முறை. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றோடு தம் இசைவை அனுப்பலாம். ஒருவர் இசையவில்லை, அல்லது அவர் இருக்குமிடம் தெரியவில்லை என்றால் என் செய்வது? அதற்கும் வழி வைத்துள்ளனர். 'சி' இணைப்பு என்னும் மற்றோர் உறுதிமொழியில், மற்றவர் இசைவு ஏன் இல்லை என்பதை உள்ளது உள்ளவாறு எழுதி, முழுப் பொறுப்பையும் ஏற்று ஒருவரே விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டு இறுதியில் விதிகள் மேலும் தளர்ந்தன. தந்தை, தாய், காப்பாளர் ஆகியோருள் ஒருவர் பெயரைத் தந்தாலே போதும் என்றும், பிரிந்தவர்கள் துணைவரின் பெயரை எழுத வேண்டியதில்லை என்றும் அரசு அறிவித்தது. தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மார்க்கு இஃது ஒரு பெரிய விடுதலை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. அந்தத் தாளில் பொய் எழுதலாகாது. இருக்கும் கணவரை இருக்குமிடம் தெரியாதவர் என்றோ, நடக்கும் வழக்கை நடக்கவில்லை என்றோ எழுதினால், அது கடவுச்சீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். ஈராண்டு வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை தண்டம். அதனினும் பெரிய தண்டம், பின்னாளில் நீதிபதி அவ்வொரு பொய்யைக் கண்டபின் நீங்கள் சொல்லும் மெய்யையும் நம்பத் தயங்குவதே.

கடவுச்சீட்டு வேறு, பிள்ளை யாரிடம் வளர்வது என்னும் பொறுப்புரிமை வேறு. கடவுச்சீட்டு கிடைத்துவிட்டதாலேயே பிள்ளை உமதாகிவிடாது. பொறுப்புரிமையைத் தீர்ப்பது நீதிமன்றம். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக நிற்பது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். அதன்படி வழக்கைப் பிள்ளை வழக்கமாக வாழும் இடத்து நீதிமன்றத்திலேயே தொடுக்க வேண்டும். நீதிமன்றம் அமர்த்திய காப்பாளர், அதன் அனுமதியின்றிப் பிள்ளையை அதன் எல்லைக்கு வெளியே கொண்டு போதல் கூடாது என்று 26ஆம் பிரிவு கூறுகின்றது. இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. அதில் இயற்கைக் காப்பாளர் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்று எழுதியிருந்தது. கோயம்புத்தூரிற் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தம் மகன் பெயரில் பணம் இடுவதற்குத் தாயாகிய தம் கையெழுத்துப் போதாதா என்று ரிசர்வ் வங்கிக்கு எதிராக வழக்காடினார். 1999 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், 'பின்' என்றால் தந்தை இறந்த பின் என்பது மட்டும் அன்று. தந்தை பிள்ளையைக் கவனியாதிருக்கும் இடத்திலும் தாயே காப்பாளர் என்று பொருள் விரித்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் காண்பதால் எத்தனை தாய்மார் தலை நிமிர்ந்தனர், பாருங்கள்!

எங்கள் ஊரில் இச்சட்டம் ஒரு விந்தையான சிக்கலில் மாட்டிக்கொண்டது. அவளுடைய வக்கீல் குழித்துறையில். அவனுடைய வக்கீல் நெய்யாற்றின்கரையில். பிள்ளை வாரத்தில் ஐந்து நாள் கேரளத்தில், இரண்டு நாள் தமிழ்நாட்டில். வழக்கமாக வாழும் இடம் எது? இப்புறம் என்றால் மேல்முறையீடு எர்ணாகுளத்து உயர்நீதிமன்றத்துக்கு. அப்புறம் என்றால் மதுரைக் கிளைக்கு. கடவுச்சீட்டு அலுவலகமும் அவ்வாறே: இப்புறத்தாருக்குத் திருவனந்தபுரம், அப்புறத்தாருக்கு மதுரை. கடல் கடப்பதற்கு முன்னே, ஒரு பிள்ளை பத்து நிமிடத்தில் நடந்து கடக்கும் கோட்டைச் சட்டம் கடக்கமுடியாமல் நின்றது. மாநிலத்துக்கு மாநிலமே இப்படியென்றால், நாட்டுக்கு நாடு எப்படி இருக்கும்?

நாட்டுக்கு நாடு உள்ள நிலையைச் சொல்லுகின்றேன். 1980 அக்டோபர் 25ஆம் நாள் ஹேக் நகரத்தில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒரு பெற்றோர் மற்றவர் உரிமையை மீறி வேற்று நாட்டிற்குக் கொண்டு சென்றால், பிள்ளை முன்பு வழக்கமாக வாழ்ந்த நாட்டிற்கு விரைவில் திருப்பி அனுப்ப வேண்டும். யாரிடம் வளர்வது என்பதை அந்நாட்டு நீதிமன்றம் தீர்மானிக்கட்டும் என்பது அதன் சாரம். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்துள்ளன. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் எல்லாம் உண்டு. நம் அண்டை நாடாகிய இலங்கை 2001ஆம் ஆண்டிலேயே சேர்ந்து தனிச் சட்டமும் இயற்றியது. இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009ஆம் ஆண்டு தன் 218ஆம் அறிக்கையில் கூறியது. 2016ஆம் ஆண்டு 263ஆம் அறிக்கையில் ஒரு சட்ட முன்வரைவையும் ஆராய்ந்தது. ஆனால் கணவனின் கொடுமைக்குத் தப்பிப் பிள்ளையோடு தாய்வீடு வந்து சேரும் பெண்ணைத் திரும்பவும் அதே இடத்திற்கு அனுப்பிவிடுவதாக அவ்வுடன்படிக்கை அமையுமோ என்னும் அச்சமும் எழுந்தது. 2018ஆம் ஆண்டு அறிக்கை அளித்த நீதிபதி ராஜேஷ் பிந்தல் குழு இதனையும் எடைபோட்டது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

உடன்படிக்கை இல்லாத நிலையில் நம் நீதிமன்றங்கள் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கின்றன. 1984ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து தந்தை கொண்டுவந்துவிட்ட பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கச் சொன்னது உச்சநீதிமன்றம். 1986ஆம் ஆண்டு, அமெரிக்காவிலிருந்து புனேக்குத் தந்தை கொண்டுவந்த பிள்ளையையும் தாயிடமே சேர்ப்பித்தது. 1997ஆம் ஆண்டு வந்த வழக்கிலோ பிள்ளை இந்தியாவில் தாயோடு பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வேரூன்றிவிட்டதால், வேரைப் பிடுங்க மறுத்தது.

தமிழர் குடும்பம் ஒன்றின் வழக்கும் உண்டு. சென்னையில் மணந்து இங்கிலாந்தில் வாழ்ந்த இருவர் பிரிந்தனர். தாய் 2012ஆம் ஆண்டு இரண்டு பெண் குழந்தைகளோடு கோயம்புத்தூர் வந்துவிட்டார். இங்கிலாந்து நீதிமன்றம் குழந்தைகளைத் தன் பாதுகாப்பில் உள்ளவர்களாக அறிவித்தது. தந்தை ஆட்கொணர் மனுவோடு சென்னை உயர்நீதிமன்றம் வந்தார், 2013இல் தோற்றார். 2015 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், முதலில் ஆணையிட்ட அயல்நாட்டு நீதிமன்றத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று கூறித் தந்தைக்குச் சார்பாகத் தீர்த்தது. ஆனால் ஈராண்டு கழித்து, 2017 ஜூலையில், மூன்று நீதிபதிகள் அமர்வு வேறொரு வழக்கில் அந்நெறியை ஏற்கவில்லை. அயல்நாட்டு ஆணை கருதத்தக்க செய்திகளுள் ஒன்றே. பிள்ளையின் நலனே முதன்மை என்றது. ஆதலின், 'கோர்ட்டுக்குப் போனால் இன்னதுதான் நடக்கும்' என்று எவரேனும் உங்களிடம் அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். பிள்ளை எத்தனை வயது, எங்கே வேரூன்றியது, எத்தனை நாளில் வழக்குப் போட்டார்கள் என்பதைப் பொறுத்துத் தராசு சாயும்.

அயல்நாடுகளிலும் இதனை விளையாட்டாகக் கருதுவதில்லை. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை உரியவர் இசைவின்றி நாட்டைவிட்டுக் கொண்டு போவது பெற்றோரேயாயினும் குற்றம். அமெரிக்காவில் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கடவுச்சீட்டுக்குப் பெற்றோர் இருவர் இசைவும் பொதுவாக வேண்டும். சிங்கப்பூரின் மாதர் சாசனச் சட்டம், பொறுப்புரிமை ஆணை உள்ளபோது இருவரின் எழுத்து இசைவோ நீதிமன்ற அனுமதியோ இன்றிப் பிள்ளையை வெளியே கொண்டு போவதைத் தடுக்கின்றது. பொறுப்புரிமை பெற்றவர் ஒரு மாதத்திற்குக் குறைவாகக் கொண்டு போய் வர மட்டும் இடம் தருகின்றது. கோடை விடுமுறைக்கு என்று சொல்லித் தாயகம் வந்து அங்கேயே தங்கிவிடுவது நம்மவரிடையே சில இடங்களில் நடப்பதுதான். வந்தவருக்கு அது தாய்வீடு. ஆனால் அங்கே விடப்பட்டவரின் நாட்டில் அது குற்றப் பதிவேட்டில் ஏறியிருக்கலாம். பின்னர்த் திரும்பிச் சென்று வேலை பார்ப்பதும் அரிதாகிவிடும்.

இனி என் பிழைக்கு வருகின்றேன்.

அவ்விருவர் வழக்கில் யான் கூறிய அறிவுரை இது: "மகளே, நீ முதலில் போ. அங்கே நிலைபெறு. அதற்குள் அவன் மனம் ஆறும். பிறகு பிள்ளையை அழைத்துக்கொள்." இரு வீட்டாரும் நல்ல சொல் என்றனர். ஆசிரியர் சொல் ஆயிற்றே! அவள் அழுதுகொண்டே போனாள். ஒப்புப் போட வேண்டிய தாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று பதினான்கு மாதங்கள் ஓடின. அவன் மனம் ஆறவில்லை. யாரும் அவனிடம் பேசாதபோது எப்படி ஆறும்? முதலில் அம்மையின் குரல் கேட்டால் ஓடிவந்த பிள்ளை, பிறகு "பாடம் இருக்கிறது" என்றாள். பிறகு "பாட்டி, நீ பேசு" என்று தொலைபேசியைத் தள்ளிவிட்டாள். பதினான்கு மாதம் கழித்து விடுமுறையில் அவள் வந்தபோது, மகள் பாட்டியின் சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அந்தக் காட்சியை யான் என் கண்ணால் கண்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. "சார், நீங்கள் சொன்னபடிதானே செய்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

காலம் கடத்துவதை நடுநிலைமை என்று எண்ணியிருந்தேன். பிரிந்த குடும்பத்தில் காத்திருத்தலும் ஒரு தீர்ப்பே என்பதை அன்று உணர்ந்தேன். பிள்ளை யாரிடம் இருக்கின்றதோ அவர் பக்கம் ஒவ்வொரு நாளும் தீர்ப்பு எழுதிக்கொண்டே போகின்றது.

அன்றிரவே அவனோடு பேசினேன். "உனக்கு எதில் அச்சம்?" என்று கேட்டேன். ஓராண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி! பிள்ளை போவதில் அவனுக்கு அச்சம் இல்லை. திரும்பி வராததில்தான் அச்சம். அப்படியானால் போவதைப் பற்றி எழுதுவதை விடுத்து, வருவதைப் பற்றி எழுதுவோம் என்றேன். இருவரும் தம் வக்கீல்களோடு கலந்து, ஒரு தாளில் இவற்றை எழுதினோம்: இங்கிலாந்துப் பள்ளிகளுக்குக் கோடையில் ஏறத்தாழ ஆறு வாரம் விடுமுறை. அந்த ஆறு வாரமும் பிள்ளை பொழியூரில். அவன் தன் ஆண்டு விடுப்பை அக்காலத்திற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். போக்குவரத்துச் செலவு பாதிப் பாதி. வாரம் இருமுறை, நாளும் மணியும் குறித்து, முகம் பார்த்துப் பேசுதல். பள்ளி, முகவரி, மருத்துவர் பெயர் மாறினால் ஒரு வாரத்துள் தெரிவித்தல். கடவுச்சீட்டின் படி ஒன்று தந்தையிடம். பிள்ளை பள்ளிக்குப் போகும் ஊர் பொழியூரே என்று அவள் ஒப்புக்கொண்டதால், எந்த நீதிமன்றம் என்னும் வழக்கும் தீர்ந்தது. குடும்ப நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து மனுக் கொடுத்து, அத்தாளை ஆணையாகப் பதிவு செய்துகொண்டனர்.

தாளை எழுதிக்கொண்டிருந்தபோது பிள்ளை அருகில் வந்து நின்றாள். பத்து வயது கடந்திருந்தாள். "சாரே, அம்மையும் அப்பாவும் ஒப்புப் போடுகிறார்கள். நான் ஒப்புப் போட இதில் இடம் இல்லையா?" என்று கேட்டாள். எழுதுகோலைக் கீழே வைத்தேன். அதுவரை எங்களில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை! பிள்ளையைப் பற்றிய முடிவில் பிள்ளையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கை கூறுகின்றது. இந்தியா 1992ஆம் ஆண்டு அதில் சேர்ந்துவிட்டது. நம் 1890ஆம் ஆண்டுச் சட்டமே, விவரம் அறிந்த பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்கின்றது. நூற்றுமுப்பது ஆண்டுப் பழைய சட்டத்திற்குத் தோன்றியது, ஆசிரியனாகிய எனக்குத் தோன்றவில்லை. "உனக்கு என்ன வேண்டும், மக்களே?" என்றேன். "பாட்டியோடும் தனியாகப் பேச வேண்டும். அம்மை பக்கத்தில் இல்லாமல்" என்றாள். அதனையும் எழுதினோம்.

தாய்மார்களே! பெரியோர்களே! இதிலிருந்து யான் கற்ற சிலவற்றை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் பேசுங்கள். இசைவைக் கேட்பவர், எங்கே, எத்தனை நாள், யார் வீட்டில், எந்த நாள் திரும்புவது என்பவற்றை எழுதியே கேளுங்கள். மறுப்பவர், ஏன் மறுக்கிறோம் என்பதை எழுதியே சொல்லுங்கள். எழுத முற்படும்போதுதான் நம் மறுப்பில் அச்சம் எவ்வளவு, பழிவாங்கும் எண்ணம் எவ்வளவு என்பது நமக்கே விளங்கும். ஒப்பினைக் கருவியாக்கி, ஜீவனாம்சத்தைக் குறைக்கவோ நகையைத் திரும்பப் பெறவோ முயல்வோர் உளர். அது பிள்ளையை ஈடு வைத்தல் ஆகும்.

இரண்டாவது, கொடுமை உள்ள இடத்தில் இவ்வறிவுரை பொருந்தாது. அடிக்கும் கணவனிடம் ஒப்புக் கேட்டுத் திண்ணையில் காத்திருக்குமாறு எந்தப் பெண்ணுக்கும் யான் கூற மாட்டேன். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஆணையோடு பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பையும் கேட்டுப் பெற வழி உண்டு. மறைந்து ஓடுவதைவிட, சான்றுகளோடு விரைந்து நீதிமன்றம் செல்வது பின்னாளில் காப்பாற்றும்.

மூன்றாவது, உடன்பாட்டை வாய்ச்சொல்லாக விடாமல் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். கூடுமாயின் பிள்ளை செல்லும் நாட்டு நீதிமன்றத்திலும் அதே ஆணையைப் பெறுங்கள். கண்ணாடியில் தெரியும் உருவம் போன்றது என்பதால் அதனைக் 'கண்ணாடி ஆணை' என்று கூறலாம். அதுவும் முழுக் காவல் அன்று. 2020ஆம் ஆண்டு, கென்ய நாட்டிலிருந்த தந்தையிடம் பிள்ளையை அனுப்ப, நைரோபி நீதிமன்றத்தில் அத்தகைய ஆணை பெற வேண்டும் என்னும் கட்டுப்பாட்டோடு உச்சநீதிமன்றம் இசைந்தது. தந்தை நீதிமன்றத்துக்கு நேர்மையாக நடக்கவில்லை என்று கண்டு, மறு ஆண்டே அவ்வாணையைத் திரும்பப் பெற்றது. ஆனால் பிள்ளை அப்போது கடல் கடந்துவிட்டது. தாள் வேண்டும், தாளை மதிக்கும் மனமும் வேண்டும்.

நான்காவது, பிள்ளை யாரிடம் இருந்தாலும் மற்றவர் குரல் அதன் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். நேரில் காண இயலாத தொலைவில் இருப்பவர்க்குக் காணொளியில் பேசும் உரிமையையேனும் தரவேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வற்புறுத்தியது. பதினான்கு மாதத்தில் ஒரு குரல் எவ்வளவு அந்நியமாகிவிடும் என்பதை யான் கண்டவன்.

ஐந்தாவது, பாட்டன் பாட்டிமாருக்கும் அத்தை மாமன்மாருக்கும் ஒரு சொல். இரு வீட்டுக்கும் இடையே தூது செல்லுங்கள், தூபம் போடாதீர்கள். மருமகளின் தொலைபேசி வரும்போது பிள்ளையைக் கூப்பிட்டுத் தருவது, மகனுக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

அந்தப் பிள்ளை இன்று எப்படி இருக்கின்றாள் என்று கேட்பீர்கள். தாயோடு சென்றாள். முதற் கோடையில் வந்தாள். தந்தையும் விடுப்பில் வந்தான். ஆடி மாதக் கடல் சீறிக்கொண்டிருந்ததால் படகில் ஏற்றிச் செல்ல முடியாமல், கரையில் அமர்த்தி வலை முடிச்சுப் போடக் கற்றுக் கொடுத்தான். இரண்டாம் கோடையில் அவனுக்கு முதலாளி விடுப்புத் தரவில்லை. தந்தை இல்லாதபோது பிள்ளையை ஏன் அனுப்ப வேண்டும் என்று அவள் கேட்டிருந்தால், தாளின்படி பதில் சொல்வது கடினமாக இருந்திருக்கும். அவள் கேட்கவில்லை. தானே அழைத்துக்கொண்டு வந்து, பொழியூரில் மாமியாரிடம் விட்டுவிட்டு, நீரோடியில் தன் தாய்வீட்டில் தங்கினாள். ஆறு வாரமும் பிள்ளை பழையபடி கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

எல்லாம் நலமாக முடிந்தது என்று யான் கூறவில்லை. கணவனும் மனைவியும் சேரவில்லை, சேரவும் மாட்டார்கள். பிள்ளை வளர்வாள், நாளை கோடையில் தோழியரோடு அங்கேயே இருக்க விரும்பலாம். அப்போது தந்தைக்கு மீண்டும் பழைய அச்சம் வரும். தாளைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். அவ்வாறு எழுதும் நாளில் அவளுடைய ஒப்புக்கும் அதில் ஓரிடம் விடும்படி இருவரிடமும் சொல்லி வைத்திருக்கின்றேன்.

என் திண்ணைக்கு வந்த நம் காலனி அம்மையாரிடம், அவர் கணவரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டேன். நாளை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரோடு பேசப் போகின்றேன். இம்முறை தாளை இழுப்பறையில் வைக்க மாட்டேன்.

 நம் குழந்தைகள் எந்நாட்டில் வாழ்ந்தாலும் இரு பக்கத்து உறவும் பெற்று வாழ்க! வளர்க நம் சங்கம்!